குழந்தையின் தலை ஒரு பக்கம் தட்டையானால்...



பிள்ளை பிறந்த ஏழாம் நாள் தலைமுடி இறக்கி, அகீகா கொடுத்து, இறக்கிய முடியின் எடைக்கு வெள்ளியின் மதிப்பைத் தருமம் செய்வது நம் வீடுகளில் வழிவழியாக வரும் நற்செயல். ஏழாம் நாள் இயலாதவர்கள் நாற்பதாம் நாளில் செய்கிறார்கள். முடி இறங்கியதும் பிள்ளையின் தலை முதன்முறையாக எல்லோர் கண்ணிலும் முழுமையாகப் படும். பார்க்க வந்தவர்களில் யாராவது ஒருவர், "ஏம்மா, பிள்ளைக்குத் தலை ஒரு பக்கம் சப்பையாக இருக்கிறதே, நீ கவனிக்கவில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போவார். கேட்டவர் அதை அன்றே மறந்துவிடுவார். பிள்ளையைப் பெற்றவளுக்கு அன்றிரவு தூக்கம் வராது.

இந்த இதழின் குடும்ப நலப் பாடத்திற்கு நாம் இந்தச் சிறிய செய்தியை எடுத்துக்கொள்ளக் காரணம், இது எங்கள் வீட்டிலேயே நடந்ததுதான்.

எங்கள் மகளுக்குத் தலைப்பிள்ளை நாள் நிறைவதற்கு மூன்று வாரம் முன்பே பிறந்தது. எடை குறைவு என்பதால் முடி இறக்குவதை நாற்பதாம் நாளுக்குத் தள்ளிவைத்தோம். அன்று பார்த்தால், பின்தலையின் இடப்பக்கம் கைவைத்து அழுத்தியதுபோல் தட்டையாக இருந்தது. வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் கடுகுத் தலையணை வாங்கித் தந்தார். குளிப்பாட்டும் அம்மா எண்ணெய் போட்டுத் தலையை உருட்டிச் சரியாக்கித் தருவதாகச் சொன்னார். இன்னொருவர் பிள்ளையைக் குப்புறப் போட்டுத் தூங்க வைக்கச் சொன்னார். இரண்டு நாள் கழித்து ஆறாம் வாரத் தடுப்பூசிக்குப் போனபோது, யாரும் பார்த்துவிடக் கூடாது என்று பிள்ளைக்குத் தொப்பி போட்டுத் தலையை மறைத்துக்கொண்டு போனோம். பார்க்க வேண்டியவரிடமே மறைத்தோம். அதனால் ஒரு மாதம் வீணானது. அந்த ஒரு மாதத்தின் மதிப்பு என்ன என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

தலை ஏன் தட்டையாகிறது?

பச்சிளம் பிள்ளையின் மண்டை ஓடு ஒரே எலும்பு அல்ல. பல எலும்புத் தகடுகள் நடுவே இடைவெளி விட்டு, மெல்லிய சவ்வினால் இணைந்திருக்கின்றன. உச்சிக்குழி என்று நாம் தொட்டுப் பார்ப்பது அந்த இடைவெளிகளில் பெரியது. பிரசவப் பாதையில் தலை நெரிபட்டு வெளியே வருவதற்காகவும், மூளை வளர இடம் கொடுப்பதற்காகவும் அல்லாஹ் செய்த ஏற்பாடு இது. பிறக்கும்போது சுமார் 35 சென்டிமீட்டர் இருக்கும் தலைச் சுற்றளவு ஒரு வயதில் சுமார் 46 சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. முதல் சில மாதங்களில்தான் வளர்ச்சி மிக வேகம்.

வளரும் மூளை மண்டை ஓட்டை எல்லாப் பக்கமும் வெளியே தள்ளுகிறது. தடை இல்லாத பக்கம் தலை உருண்டையாக வளரும். எந்நேரமும் படுக்கையில் அழுந்தியிருக்கும் பக்கம் வளர இடமில்லாமல் தட்டையாகும். கொடியில் காய்த்த பரங்கிக்காய் தரையில் கிடக்கும் பக்கம் மட்டும் தட்டையாக வளர்வதைத் தோட்டத்தில் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான் இது. பின்தலையின் ஒரு பக்கம் மட்டும் தட்டையானால் மருத்துவர்கள் பிளேஜியோசெஃபலி என்பார்கள். பின்தலை முழுவதும் தட்டையாகித் தலை அகன்று தெரிந்தால் பிராக்கிசெஃபலி என்பார்கள்.

இது அரிய நோய் அல்ல. கனடாவின் கால்கரி நகரில் ஏழு முதல் பன்னிரண்டு வாரக் குழந்தைகள் 440 பேரைச் சோதித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ பாதிப் பேருக்கு, அதாவது 46.6 சதவீதத்தினருக்கு, ஏதோ ஓரளவு தட்டை இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு மிக இலேசானது. நியூசிலாந்தில் 200 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து இரண்டு வயது வரை தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியிட்டார்கள். ஆறாம் வாரத்தில் 16 சதவீதம் பேருக்கும் நான்காம் மாதத்தில் ஏறக்குறைய 20 சதவீதம் பேருக்கும் தட்டை இருந்தது. இரண்டு வயதில் அது 3.3 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பிள்ளை கழுத்தை நிறுத்தி, புரண்டு, உட்காரத் தொடங்கியதும் தலையில் அழுத்தம் குறைகிறது. தட்டையும் பெருமளவு நிரம்பிவிடுகிறது.

நாள் நிறையாமல் பிறந்த பிள்ளைகள், இரட்டைப் பிள்ளைகள், ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளைகள், எப்போதும் ஒரே பக்கம் தலையைச் சாய்க்கும் பிள்ளைகள் ஆகியோருக்கு இது கூடுதலாக வரும். பிறந்த அன்று தலை நீண்டோ வீங்கியோ தெரிவது வேறு. அது பிரசவ நெருக்கத்தால் வருவது. பெரும்பாலும் சில நாட்களிலோ வாரங்களிலோ தானே மாறிவிடும்.

மல்லாந்து தூங்க வைப்பதை விட்டுவிடலாமா?

கூடாது. இந்தப் பாடத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள்.

நல்ல உடல்நலத்தோடு உறங்கப்போன பச்சிளம் குழந்தை காரணம் தெரியாமல் உறக்கத்திலேயே இறந்துபோவதைத் திடீர் சிசு மரணம் என்கிறார்கள். குப்புறத் தூங்கும் குழந்தைகளுக்கு இந்த ஆபத்து அதிகம் என்று தெரியவந்தபின், அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 1992இல் குழந்தைகளைக் குப்புறப் படுக்க வைக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. 1994இல் அது நாடு தழுவிய பிரசாரமானது. அதன்பின் அங்கே அத்தகைய மரணங்கள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. அதே காலத்தில் தட்டைத் தலையோடு வரும் குழந்தைகள் கூடினார்கள். அப்படியும் மருத்துவ உலகம் தன் அறிவுரையை மாற்றவில்லை. தலையின் வடிவம் ஒரு பக்கம், உயிர் ஒரு பக்கம் என்று வரும்போது தராசு எப்பக்கம் தாழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு கேள்வி வரும். "வலப்பக்கம் ஒருக்களித்து உறங்குவது சுன்னத் அல்லவா, பிள்ளையையும் அப்படிப் படுக்க வைக்கலாமே?" என்று நம்மிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். அந்த ஒழுங்கு தானாகப் படுத்து, தானாகப் புரளத் தெரிந்தவர்களுக்கு உரியது. மார்க்கக் கடமைகளே பருவம் எய்தியவர்களுக்குத்தான். கழுத்து நிற்காத சிசுவுக்கு அப்படி எந்தக் கட்டளையும் இல்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்த சிசு எளிதில் குப்புறக் கவிழ்ந்துவிடும். ஆகவே ஒரு வயது வரை பகலோ இரவோ தூங்க வைக்கும்போது மல்லாந்தே வையுங்கள். தானாக இருபுறமும் புரளத் தெரிந்த பிள்ளை தூக்கத்தில் புரண்டால் அதைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

தலையணையும் எண்ணெயும்

கடுகுத் தலையணை, நடுவில் குழி உள்ள தலையணை, தலையை உருண்டையாக்கும் என்று விளம்பரம் செய்யப்படும் பஞ்சுத் தலையணை எதுவும் வேண்டாம். பிள்ளையின் முகம் அதில் புதைந்தால் மூச்சு அடைக்கும். விலக்கிக்கொள்ள அதற்குத் தெரியாது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022 நவம்பரில் இத்தகைய தலை வடிவமைப்புத் தலையணைகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று பெற்றோரை எச்சரித்தது. அவற்றால் மூச்சுத்திணறி இறக்கும் ஆபத்து உண்டு, தலை வடிவம் சரியாகும் என்பதற்கு ஆதாரமும் இல்லை என்பது அதன் சாரம். பிள்ளைக்கு வேண்டியது சமதளமான, அழுந்தாத படுக்கை. அதில் தலையணையோ, திண்டோ, தளர்ந்த துணியோ இருக்கக் கூடாது.

குளிப்பாட்டும்போது இலேசாக எண்ணெய் தடவுவதில் தவறில்லை. தலையை இரு கையாலும் பிடித்து அழுத்துவது, உருட்டுவது, உச்சிக்குழியைச் சுற்றி நெரிப்பது ஆகியவை கூடாது. மணிக்கணக்காக, வாரக்கணக்காக விழுந்த அழுத்தத்தால் வந்த தட்டை இரண்டு நிமிடப் பிடியில் மாறாது. பிள்ளைக்கு வலியும் காயமும்தான் மிஞ்சும். குளிப்பாட்டும் அம்மாமார்கள் நம் வீடுகளுக்கு எவ்வளவோ உதவியவர்கள். அவர்களை மரியாதையாக உட்கார வைத்து, "தலையை மட்டும் அழுத்த வேண்டாம் அம்மா, டாக்டர் சொல்லியிருக்கிறார்" என்று சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

தூளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அழுகிற பிள்ளையைத் தேற்ற தூளி நல்ல துணைதான். ஆனால் துணியின் வளைவில் முகவாய் நெஞ்சோடு ஒட்டினால் மூச்சுப்பாதை மடங்கும். தலையும் ஒரே பக்கம் சாய்ந்து நெடுநேரம் கிடக்கும். ஆள் பக்கத்தில் இருக்கும்போது சற்று நேரம் ஆட்டிவிட்டு, தூங்கியதும் சமமான படுக்கைக்கு மாற்றிவிடுங்கள். இரவு முழுவதும் தூளியில் விட வேண்டாம். கார் சீட், பவுன்சர் போன்றவற்றிலும் தேவைக்கு மேல் கிடத்த வேண்டாம்.

தலையைத் திருப்பாதீர்கள், பார்வையைத் திருப்புங்கள்

அப்படியானால் என்னதான் செய்வது? பிள்ளை எதைப் பார்க்க விரும்புகிறதோ அந்தப் பக்கம்தான் தலையைத் திருப்பும். வெளிச்சம், தாயின் முகம், ஆட்களின் குரல், சுழலும் மின்விசிறி இவற்றைத்தான் அது தேடும். எங்கள் வீட்டில் பிள்ளையின் படுக்கை மேற்குச் சுவரை ஒட்டிக் கிடந்தது. தலை வடக்கே. வாசலும் ஜன்னலும் தாயின் கட்டிலும் கிழக்கே. வலப்பக்கம் வெறும் சுவர். நாற்பது நாளும் அந்தப் பிள்ளை இடப்பக்கம் பார்த்தே கிடந்திருக்கிறது. எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

செய்ய வேண்டியவை இவைதான்.

ஒன்று: ஒரு நாள் தலை வைத்த பக்கம் மறுநாள் கால் வையுங்கள். படுக்கையை நகர்த்தாமலே வெளிச்சமும் வாசலும் பிள்ளைக்கு மறுபக்கமாகிவிடும். இதைச் சொன்னால் சில வீடுகளில், "கிப்லா பக்கம் கால் போகுமே" என்பார்கள். சிசுவுக்கு அதில் குற்றம் ஏதுமில்லை. ஆயினும் பெரியவர்களின் மனம் நோக வேண்டாம். நம் ஊர்களில் கிப்லா மேற்கே என்பதால், படுக்கையை வடக்கு தெற்காகப் போட்டுவிட்டால் தலையை எந்தப் பக்கம் வைத்தாலும் கால் மேற்கே போகாது.

இரண்டு: தட்டையான பக்கத்திற்கு எதிர்ப்பக்கமாக இருந்து பேசுங்கள், கிலுகிலுப்பை ஆட்டுங்கள், பாட்டுப் பாடுங்கள். தட்டை இடப்பக்கம் என்றால் வலப்பக்கமாக உட்காருங்கள். பிள்ளை தூங்கியபின், தலை எளிதாகத் திரும்பினால் மட்டும், மெதுவாக மறுபக்கம் திருப்பி வைக்கலாம். பலவந்தம் வேண்டாம்.

மூன்று: தாய்ப்பால் கொடுக்கையில் இருபுறமும் மாற்றிக் கொடுப்பதால் தலையும் தானே மாறும். புட்டிப்பால் கொடுக்க நேர்ந்தவர்கள் ஒரே கையில் வைத்துக் கொடுக்காமல் கை மாற்ற வேண்டும்.

நான்கு: விழித்திருக்கும் நேரத்தில் பிள்ளையைப் படுக்கையிலேயே கிடத்தாமல் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். "கை பழகிவிடும்" என்ற அச்சம் வேண்டாம். இந்த மூன்று மாதத்தில் தோளும் மடியும் பிள்ளைக்கு மருந்து. வாப்பாவும் பாட்டனாரும் இதில் தாராளமாகப் பங்கெடுக்கலாம்.

ஐந்து: விழித்திருக்கும்போது குப்புறப் படுக்க வையுங்கள். தூங்க மல்லாந்து, விளையாடக் குப்புற என்பது பாடம். பிறந்த சில நாட்களிலேயே தொடங்கலாம். முதலில் உங்கள் நெஞ்சின் மேலோ மடியிலோ, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, தடவைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும். பிறகு பாயில் கிடத்தி, முன்னால் நீங்களும் படுத்து முகம் காட்டுங்கள். அழுதால் எடுத்துவிட்டுப் பிறகு வையுங்கள். பால் குடித்த உடனே வேண்டாம். சிறுகச் சிறுகக் கூட்டி, நாள் முழுவதும் சேர்த்து அரை மணி நேரமாவது வர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் தந்த வழிகாட்டல். இதனால் பின்தலைக்கு ஓய்வு கிடைக்கிறது, கழுத்தும் தோளும் வலுப்பெறுகின்றன. குப்புறக் கிடக்கும் பிள்ளையை விட்டு ஒரு கணமும் அகலக் கூடாது. கண் சொருகினால் உடனே மல்லாந்து திருப்பிவிடுங்கள்.

கழுத்தைக் கவனியுங்கள்

எங்கள் வீட்டில் நடந்ததன் மீதியை இங்கே சொல்ல வேண்டும்.

பத்தாம் வாரத் தடுப்பூசிக்குப் போன அன்று வெயில் கடுமையாக இருந்ததால் தொப்பியைக் கழற்ற வேண்டியதாயிற்று. ஊசி போட்ட செவிலியர் தலையைப் பார்த்தார். நாங்கள் தயங்கித் தயங்கிப் பேசத் தொடங்குவதற்குள் அவரே, "தலை கிடக்கட்டும், பிள்ளை வலப்பக்கம் திரும்புகிறதா?" என்று கேட்டார். எங்களுக்குப் பதில் தெரியவில்லை. அவர் பிள்ளையின் முகத்துக்கு நேரே விரலைச் சொடுக்கி மெல்ல நகர்த்திக் காட்டினார். இடப்பக்கம் தோள் வரை முகம் திரும்பியது. வலப்பக்கம் பாதியில் நின்றுவிட்டது. தலை இலேசாக வலத்தோள் பக்கம் சாய்ந்தும் இருந்தது.

குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். காதின் பின்னாலிருந்து காறை எலும்பு வரை இறங்கும் கழுத்துத் தசை வலப்பக்கம் இறுகியிருக்கிறது என்றார். டார்டிகோலிஸ் என்று இதற்குப் பெயர். வலப்பக்கத் தசை இறுகினால் தலை வலப்பக்கம் சாயும், முகம் இடப்பக்கம் திரும்பும். சில பிள்ளைகளுக்கு அந்தத் தசையில் சிறு கட்டிபோல் கையில் தட்டுப்படும். ஆக, எங்கள் பேரன் வெளிச்சத்தைத் தேடி மட்டும் இடப்பக்கம் பார்க்கவில்லை. மறுபக்கம் திரும்பவும் அவனால் முடியவில்லை. தலைத் தட்டை ஓர் அடையாளம் மட்டும்தான், கோளாறு கழுத்தில் இருந்தது.

இந்தத் தசை இறுக்கத்திற்கு மருந்து மாத்திரை இல்லை, பயிற்சிதான் சிகிச்சை. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு விரைவாகப் பலன் கிடைக்கும். மூன்று மாதத்திற்குள் தொடங்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் முழுமையாகத் தேறிவிடுகிறார்கள். தள்ளிப்போனால் பயிற்சி பல மாதங்கள் நீளும், சிலருக்கு அறுவை வரை போகும். தொப்பிக்குள் மறைத்து நாங்கள் கழித்த ஒரு மாதத்தின் மதிப்பு இதுதான். அல்ஹம்துலில்லாஹ், பத்தாம் வாரமும் கைமீறிய காலம் அல்ல. பிசியோதெரபிஸ்ட் சகோதரி பிள்ளையை எப்படிப் பிடிப்பது, எவ்வளவு நேரம் கழுத்தை நீட்டுவது, எப்போது நிறுத்துவது என்று எங்கள் மகளுக்கும் அவள் உம்மாவுக்கும் கைபிடித்துக் கற்றுக்கொடுத்தார். ஒவ்வொரு தடவை டயப்பர் மாற்றும்போதும் செய்தார்கள். ஏழாம் மாதத்தில் இருபுறமும் சமமாகத் திரும்பினான். இப்போது இரண்டு வயது. முடி வெட்டும்போது உற்றுப் பார்த்தால் மட்டும் ஒரு சிறு சமன் தெரியும்.

நீங்களும் வீட்டில் பார்க்கலாம். ஆறு எட்டு வாரப் பிள்ளை பசியாறி அமைதியாக மல்லாந்து கிடக்கும்போது, உங்கள் முகத்தை அதற்குக் காட்டி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மெதுவாக நகருங்கள். முகவாய் இரு தோள் பக்கமும் ஒரே அளவு திரும்புகிறதா என்று கவனியுங்கள். கையால் திருப்பிப் பார்க்காதீர்கள். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். கழுத்துப் பயிற்சியை வீடியோவைப் பார்த்துத் தாமாகச் செய்யாதீர்கள், நேரில் கற்றுக்கொண்டே செய்யுங்கள்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

பின்வருவன கண்டால் உடனே குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

- கழுத்து ஒரு பக்கம் திரும்பாமலோ, தலை எப்போதும் ஒரு தோளில் சாய்ந்தோ இருந்தால்.
- பிறந்தபோதிருந்தே தலை கோணலாக இருந்து, வாரங்கள் கடந்தும் மாறாமல் மோசமாகிக்கொண்டே வந்தால்.
- மண்டை ஓட்டின் பொருத்துகளில் மேடிட்ட வரப்புபோல் கெட்டியாகத் தட்டுப்பட்டால்.
- உச்சிக்குழி மிகச் சீக்கிரம் மூடிவிட்டதாகத் தோன்றினால், அல்லது புடைத்து நின்றால்.
- தலைச் சுற்றளவு வளராமல் நின்றாலோ அளவுக்கு மீறி வேகமாகப் பெருத்தாலோ.
- நான்கு மாதம் கடந்தும் கழுத்து நிற்காமல் இருந்தால்.

மண்டை ஓட்டின் பொருத்து காலத்திற்கு முன்பே ஒட்டிவிடும் கிரேனியோசினோஸ்டோசிஸ் என்ற கோளாறு சுமார் 2,000 முதல் 2,500 பிறப்புகளில் ஒன்றுக்கு வருகிறது. அரிதுதான். ஆனால் அது படுக்கையை மாற்றினால் சரியாகாது, பெரும்பாலும் முதல் வயதுக்குள் அறுவை தேவைப்படும். பிள்ளையின் தலையை மேலிருந்து பார்த்தே மருத்துவர் பெரும்பாலும் இரண்டையும் பிரித்தறிந்துவிடுவார். படுக்கை அழுத்தத்தால் வந்த தட்டையில், தட்டையான பக்கத்துக் காதும் நெற்றியும் சற்று முன்னே தள்ளியிருக்கும். இதற்கு எல்லோருக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை.

"தலை தட்டையானால் மூளை மந்தமாகுமா?" என்பது அடுத்த அச்சம். படுக்கை அழுத்தத்தால் வரும் தட்டை மூளையை நசுக்குவதில்லை, மூளை வேறு பக்கம் இடம் எடுத்துக்கொண்டு வளர்கிறது. ஆனால் அதிகம் அசையாத பிள்ளைக்குத்தான் தலை தட்டையாகும் என்பதால், அந்தப் பிள்ளை கழுத்து நிற்பது, புரள்வது, உட்காருவது எல்லாம் காலத்தில் நடக்கிறதா என்று கவனித்து வருவது நல்லது.

ஆறு, பத்து, பதினான்காம் வாரத் தடுப்பூசி நாட்கள் இதற்கென்றே அமைந்தவைபோல் இருக்கின்றன. ஊசி போட்டதும் கிளம்பிவிடாமல், தலையையும் கழுத்தையும் பார்த்துச் சொல்லும்படி செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேளுங்கள், சுற்றளவையும் அளக்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் அரசின் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்திற்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்காகவே ஏற்பட்ட இம்மையங்களில் கட்டணம் இல்லாமல் பிள்ளையைப் பரிசோதித்துப் பயிற்சியும் தருகிறார்கள்.

ஹெல்மெட் வாங்க வேண்டுமா?

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் இதைப் பற்றிக் கேட்பதுண்டு. தலையின் அளவுக்கு அச்செடுத்துச் செய்யும் இலகுவான ஹெல்மெட்டை நாளொன்றுக்கு 23 மணி நேரம், மாதக்கணக்கில் அணிவிப்பார்கள். நெதர்லாந்தில் மிதமான முதல் கடுமையான தட்டை வரை உள்ள 84 குழந்தைகளை, ஐந்து ஆறு மாத வயதில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஹெல்மெட் போட்டு, மறு பிரிவை இயல்பாக வளரவிட்டு, இரண்டு வயதில் ஒப்பிட்டார்கள். முடிவு 2014இல் வெளியானது. முழுமையாகச் சரியானவர்கள் ஹெல்மெட் பிரிவில் சுமார் 26 சதவீதம், இயல்பாக விட்ட பிரிவில் சுமார் 23 சதவீதம். பெரிய வேறுபாடு இல்லை. ஹெல்மெட் போட்ட பிள்ளைகளின் பெற்றோர் எல்லோருமே தோல் சிவப்பது, வியர்ப்பது, நாற்றம் என ஏதோ ஒரு தொல்லையைச் சொன்னார்கள். நம் ஊர் வெயிலை எண்ணிப் பாருங்கள். மிகக் கடுமையான கோணல் உள்ள சிலருக்கு மருத்துவர் வேறு முடிவு சொல்லலாம். மற்றவர்கள் கடன்பட்டு இதை வாங்க வேண்டியதில்லை.

பெற்றவளைப் பேசாதீர்கள்

பிள்ளையை மல்லாந்து தூங்க வைத்தவள் சரியான காரியத்தையே செய்திருக்கிறாள். அதன் விளைவாகத் தலை சற்றுத் தட்டையானால் அவளைக் குறை சொல்வது அநியாயம். பிரசவக் களைப்பிலும் இரவு விழிப்பிலும் இருப்பவளுக்கு ஒரு சொல் போதும், உடைந்துபோவாள். எங்கள் மகள் அந்த நாட்களில் பிள்ளையைப் பார்க்க யாரும் வர வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். பிள்ளையை மறைத்தவள் அவள் என்றால், மறைக்க வைத்தது நாங்கள் பேசிய பேச்சு. வீட்டுப் பெரியவர்களாகிய நாம் அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பிள்ளை பார்க்கப் போகும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். தலையைப் பற்றி ஒன்றும் பேசாதீர்கள். பேசத்தான் வேண்டும் என்றால், "பிள்ளை இரண்டு பக்கமும் திரும்புகிறதா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி புண்படுத்தாது, பயனும் தரும். அதைவிட நல்லது, "நீ சற்றுக் கண்ணயரு, நான் பிள்ளையைத் தோளில் வைத்திருக்கிறேன்" என்று சொல்லி வாங்கிக்கொள்வது. பின்தலைக்கும் ஓய்வு, பெற்றவளுக்கும் ஓய்வு.

வீட்டில் கூடிப் பேசிக்கொள்ள

1. நம் வீட்டில் பிள்ளையின் படுக்கை எங்கே கிடக்கிறது? வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் அதற்கு எப்பக்கம்?
2. பிள்ளை தூங்கும் இடத்தில் தலையணை, திண்டு, தளர்ந்த துணி ஏதேனும் இருக்கிறதா?
3. இன்று பிள்ளை விழித்திருந்தபோது எவ்வளவு நேரம் குப்புறக் கிடந்தது? பக்கத்தில் இருந்தவர் யார்?
4. பிள்ளையின் முகம் இரு பக்கமும் சமமாகத் திரும்புவதை நாம் பார்த்திருக்கிறோமா?
5. அடுத்த தடுப்பூசி எந்த நாள்? அன்று என்ன கேட்கப் போகிறோம்?

கழுத்துப் பயிற்சிக்கு வாரந்தோறும் நகரத்திற்குப் போய்வரப் பேருந்துச் செலவுக்கு இயலாத குடும்பங்கள் டிரஸ்ட் அலுவலகத்தில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே நம்மைச் சந்திக்கலாம். பெயர் வெளியில் போகாது. தொப்பி போட்டு மறைக்க வேண்டிய காரியம் இதில் எதுவும் இல்லை.

அல்லாஹ் நம் குழந்தைகளுக்கு நிறைந்த உடல்நலத்தையும், அவர்களைப் பெற்று வளர்ப்பவர்களுக்கு மன அமைதியையும் தந்தருள்வானாக. ஆமீன்.